சி.ஆர்.வி பின் டிஃபரன்ஷியல்: முனகல் நின்றது, இரைச்சல் பாக்கி

ஒருவழியாக அடங்கிவிட்டது. அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து வண்டியை வெளியே எடுக்கும்போது பின்சீட்டுக்கு அடியிலிருந்து வந்த 'உர்ர்ர்' இப்போது இல்லை. ஹேண்ட்பிரேக்கைப் பாதி இழுத்துவிட்டு ஓட்டுவது போல இருந்த அந்தப் பிடிப்பும் போய்விட்டது. வண்டி 2004 ஹோண்டா சி.ஆர்.வி, நாலு வீலும் இழுக்கும் மாடல். சத்தத்தைக் கேட்ட ஆளெல்லாம் ஆளுக்கொரு பாகத்தின் பேரைச் சொன்னார்கள். டிஃபரன்ஷியலையே (பின் வீல் இரண்டுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) மொத்தமாக மாற்றிவிடு, சென்னை புதுப்பேட்டையில் பழசு கிடைக்கும் என்று ஒருவர் விலையே பேச ஆரம்பித்துவிட்டார். எனக்கு அது ஒப்பவில்லை. எதிலிருந்து வருகிறது என்று தெரியாமல் எதை மாற்றுவது?

சி.வி. ஜாயிண்ட் (ஆக்ஸில் முனையில் வளைந்து கொடுக்கும் இணைப்பு) என்றால் திரும்பும்போது ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் 'டக் டக்' என்று எண்ணிவிடலாம் போலக் கேட்கும். இது அப்படி இல்லை. கிளட்சை மெதுவாக விட்டு உருட்டினாலே முனகியது. பின்னால் இழுவையைக் கொண்டுபோகும் நீள ஷாஃப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங் என்றால் நேர் ரோட்டிலும் ஏதாவது ஒரு வேகத்தில் அதிர வேண்டும், அதுவும் இல்லை. சந்தேகத்தைத் தீர்க்க அந்த நீள ஷாஃப்டை, அதாவது ப்ரொப்பெல்லர் ஷாஃப்டையே கழற்றிவிட்டு ஓட்டினேன். இந்த வண்டியில் அது சாத்தியம், முன்வீல் டிரைவாக ஓடிக்கொள்ளும். இரண்டு பக்கமும் போல்ட் போட்டு முடுக்கும் ஃபிளாஞ்ச்தான், ஆயில் ஒழுகாது. கழற்றும் முன் பெயிண்டால் குறி போட்டு, அதே இடத்தில் திரும்ப மாட்ட வேண்டும். ஷாஃப்ட் இல்லாமல் ஓட்டியதில் முனகலும் பிடிப்பும் சுத்தமாக இல்லை. ஆனால் 60 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஒரு மெல்லிய இரைச்சல் மட்டும் அப்படியே இருந்தது. ஆக நோய் இரண்டு. இத்தனை நாள் எல்லோரும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தோம்.

இந்த டிஃபரன்ஷியலுக்குள் இரண்டு பம்ப் இருக்கிறது. ஒன்று ப்ரொப்பெல்லர் ஷாஃப்டோடு சுற்றும், இன்னொன்று பின் வீல்களோடு. இரண்டும் ஒரே வேகத்தில் போனால் ஆயில் அங்கேயே சுற்றி வரும். முன் வீல் வழுக்கி ஷாஃப்ட் வேகமாகச் சுற்றினால், மிஞ்சுகிற பிரஷர் அதற்குள்ளேயே இருக்கும் கிளட்ச் பிளேட்டுகளை அழுத்தும், பின் வீலுக்கு இழுவை போகும். சுவிட்ச் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. ஒடித்துத் திருப்பும்போது முன் வீல் பெரிய வட்டம் போடும், அப்போதும் ஷாஃப்ட் கொஞ்சம் முந்தும். அந்த வித்தியாசத்தை விழுங்கத்தான் பின் பம்பை முன்னதைவிட 2.5 சதவீதம் பெரிதாக வைத்திருக்கிறார்கள். 

இங்கேதான் டயர் வருகிறது. வண்டி என்னிடம் வந்தபோது பின்னால் புது ஜோடி, முன்னால் தேய்ந்த ஜோடி. 205/70 ஆர் 15 டயருக்குச் சுற்றளவு ஏறக்குறைய 2,100 மி.மீ. ஐந்து மி.மீ. தேய்ந்தால் சுற்றளவில் 31 மி.மீ. போய்விடும், அதாவது 1.5 சதவீதம். முன் டயர் சின்னதாகி வேகமாகச் சுற்ற, பம்புக்கு இருந்த சலுகையில் பாதிக்கு மேல் நேர் ரோட்டிலேயே காலி. முன் ஜோடியைப் பின்னுக்கும் பின் ஜோடியை முன்னுக்கும் மாற்றிப் போட்டதில் முனகல் குறைந்தது, நிற்கவில்லை. மீதி ஆயிலில்தான் இருக்க வேண்டும்.

ஆயில் மாற்றுவது அரை மணி நேர வேலை, மேல் பிளக் கழன்றால்! வடிக்கிற பிளக்கை முதலில் கழற்றி, அப்புறம் ஊற்றுகிற பிளக் வரவில்லை என்றால் வண்டி அங்கேயே உட்கார்ந்துவிடும். அதனால் மேல் பிளக்தான் முதலில். அதில் 3/8 அங்குலச் சதுரக் குழி, சாக்கெட் தேவையில்லை, ராட்செட் முனையே உள்ளே போகும். பிரச்சினை என்னவென்றால், இருபது வருஷத்துச் சேறு அந்தக் குழிக்குள் கல்லாகியிருக்கும். முனை பாதிதான் இறங்கும், அந்த நிலையில் பலம் கொடுத்தால் சதுரம் வட்டமாகிவிடும். என் வண்டியில் யாரோ ஏற்கெனவே இரண்டு மூலையை மழித்து வைத்திருந்தார்கள். கோணி ஊசியால் குழியைத் தோண்டி, கம்பி பிரஷ் போட்டு, அடி தெரியும்வரை சுத்தம் செய்தேன். துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஓர் இரவு விட்டேன். மறுநாள் சுற்றிலும் ஹீட் கன் காட்டி, ராட்செட்டை விட்டுவிட்டு நீளமான பிரேக்கர் பாரைப் போட்டேன். முதலில் மயிரிழை அளவு இறுக்கும் பக்கம் தள்ளி, பிறகுதான் கழற்றும் பக்கம். 'டக்' என்று விட்டுக்கொடுத்தபோது கேசிங்கே உடைந்துவிட்டதோ என்று நெஞ்சு நின்றுவிட்டது. திரும்ப மாட்டும்போது புது வாஷர், 47 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் ஒரு பொட்டு வேண்டாம்.

வடிந்தது கறுப்பு, கந்தக நாற்றம். சாதாரண 90 கியர் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள், புண்ணியவான்கள். அது பல்சக்கரத்துக்குச் சரி, கிளட்ச் பிளேட்டுக்கு ஆகாது. பிளேட்டுகள் வழுக்க வேண்டிய நேரத்தில் ஒட்டி ஒட்டி விடும், அதுதான் அந்த 'உர்ர்ர்'. இதற்கு ஹோண்டாவின் டூயல் பம்ப் ஃப்ளூயிட் மட்டும்தான். ஒரு கடையில் "ஏ.டி.எஃப் ஊத்துங்க சார், எல்லாம் ஒண்ணுதான்" என்றார்கள். அது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான ஆயில், கும்பிட்டுவிட்டு வந்தேன். பாட்டிலை முன்பணம் கட்டி வரவழைக்க வேண்டியிருந்தது. ஆன்லைனில் கேட்ட விலைக்கு இன்னொரு வண்டியே பார்க்கலாம். சென்னை ஜி.பி. ரோடு பாகக் கடைகளுக்குப் போகிறவர்கள் இரண்டு பிளக்குக்குமான வாஷரையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். ஊற்றுவதற்கு மீன் தொட்டிக் கடை ட்யூபும் ஒரு புனலும் போதும்.

ஊற்றிவிட்டு, காலி மைதானத்தில் இடமும் வலமுமாக ஃபுல் லாக்கில் (ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து) எட்டுப் போட்டேன். முதலில் முனகி, போகப் போகத் தேய்ந்தது. அந்த ஆயிலும் கலங்கித்தான் வந்தது, பிளேட் இடுக்கில் இருந்த பழசு. திரும்ப வடித்து, புதுசு ஊற்றி, இன்னொரு முறை எட்டு. அதோடு சரி.

மிச்சம் அந்த இரைச்சல். 70-இல் வண்டியை லேசாக வலப்பக்கம் வளைத்தால் கூடுகிறது, இடப்பக்கம் வளைத்தால் குறைகிறது. வலப்பக்கம் வளைக்கும்போது பாரம் இடது வீலில் ஏறும் அல்லவா? ஜாக்கியில் ஏற்றி, பின் இடது வீலைக் கையால் சுற்றிக்கொண்டே சுருள் ஸ்பிரிங்கில் விரல் வைத்தால் மணல் அரைபடுவது போல உணர முடிகிறது. வலது பக்கம் அமைதி. வீல் பேரிங்தான். ஜப்பான் பேரிங் வேண்டும், ஆனால் பெட்டி அசலாகவும் உள்ளே இருப்பது வேறாகவும் வருவதால், இந்த முறை பெட்டியைப் பிரித்து எழுத்தைப் பார்த்துத்தான் காசு. ஆக்ஸில் நட்டுக்கு இப்போதே ஸ்பிரே அடிக்கத் தொடங்கிவிட்டேன். அதற்குப் பிறகு நாலு டயரும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். கொடைக்கானல் போகும் திட்டம் அதுவரை தள்ளி.