கொழுந்து கருகும் இடத்தில் நாய்க்கூடு

நுவரெலியாவில் ஒரு மிருக வைத்தியரிடம் உதவியாளராகச் சேர்ந்து 11 வருடம் ஆகிறது. மாடு, ஆடு, நாய், பூனை எல்லாம் வரும். ஜனவரி பிறந்துவிட்டால் நாய் வளர்க்கிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "ராவுல வெளியில கெடந்தா ஒன்னும் ஆகாதுதானே, அதுக்குத்தான் முடி இருக்கே?" முதல் வருடம் நானும் ஆமாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் பிறந்து வளர்ந்தது லயத்தில், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில். அங்கே நாயை வீட்டுக்குள் விட்டவர் ஒருவரும் இல்லை. தண்ணீர்ப் பீலிக்கரையிலும் விறகு அடுக்கின் ஓரத்திலும் படுத்துக் கிடக்கும், காலையில் எழுந்து வாலாட்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. எழுந்திருக்காமல் போன நாய்களைப் பற்றி யாரும் பேசியதில்லை. வயசாகிப் போயிருச்சு என்பார்கள்.

அந்த ஜனவரியில் ஒருநாள் காலை, கிளினிக்கைத் திறக்கும்போதே ஒரு பெரியவர் வாசலில் நின்றார். கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டம். முந்தின இரவு மேகமே இல்லாத வானம், விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. உரச்சாக்கில் நாயைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்திருந்தார். "ராவெல்லாம் நடுங்கிக்கிட்டே கெடந்துச்சு புள்ள. விடியக்கால நடுக்கம் நின்னுருச்சு. சரி, தூங்குதுன்னு நெனச்சேன்" என்றார். நடுக்கம் நின்றது நல்லதுதானே என்று எனக்கும் தோன்றியது. டாக்டர் ஒன்றும் பேசாமல் தர்மாமீட்டரை வைத்தார். 31.4 காட்டியது.

நாயின் உடம்புச் சூடு நம்முடையதைவிட அதிகம், 38க்கும் 39க்கும் இடையில் இருக்க வேண்டியது. சூடு குறையும்போது உடம்பு தசைகளை உதறி உதறிச் சூடு உண்டாக்கிக்கொள்கிறது, அதுதான் நடுக்கம். 32க்குப் பக்கத்தில் இறங்கிவிட்டால் அதற்கும் தெம்பு இருக்காது, நடுக்கம் நின்றுவிடும். நாய் அமைதியாகப் படுத்திருப்பது மாதிரிதான் தெரியும். இதைத் தெரியாமல் எத்தனை பேர் நிம்மதியாகக் கதவைச் சாத்திக்கொண்டு போயிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

நான் பதறிப்போய் ஒரு பேசினில் சுடுதண்ணீர் ஊற்றி அதன் கால்களை உள்ளே விடப் போனேன். டாக்டர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். கை காலை முதலில் சூடாக்கினால் அங்கே இறுகிக் கிடக்கும் இரத்தக் குழாய்கள் விரிந்து, இரத்த அழுத்தம் விழுந்து, அங்கே தேங்கியிருந்த குளிர்ந்த இரத்தம் நெஞ்சுக்கு ஓடும், இருதயம் அதிலேயே நின்றுபோகலாம். முதலில் ஈரத்தைத் துடைக்க வேண்டும். அப்புறம் சுடுதண்ணீர்ப் போத்தல்களைத் துணியில் சுற்றி நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் பக்கத்தில் வைக்க வேண்டும், அவசரப்படவே கூடாது. அடுப்புக்கு மிக அருகில் கிடத்துவதும் தப்புத்தான், மரத்துப்போன தோலுக்குச் சுடுவது தெரியாது, வெந்துபோகும். சேலைனை இளஞ்சூடாக்கி ஏற்றினோம். பகல் 12 மணிக்கு 36ஐத் தாண்டியது. பெரியவர் அதுவரை ஒரு பிளேன்டீகூடக் குடிக்காமல் வெளி வாங்கிலேயே உட்கார்ந்திருந்தார்.

நாய் தலையைத் தூக்கியதும்தான் டாக்டர் அவரிடம், எங்கே கட்டுவீர்கள் என்று கேட்டார். லயத்துக்குக் கீழே ஓடைக்கரையில், லீக்ஸ் பாத்திக்குக் காவலாக. முள்ளம்பன்றி வருமாம். "அந்தப் பக்கம் பனிக்குக் கொழுந்து கருகுமா ஐயா?" என்றார் டாக்டர். "ஆமாங்க, அங்கதான் மொதல்ல கருகும்" என்று சொன்னவர் சட்டென்று நிறுத்திவிட்டு நாயைப் பார்த்தார். அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மலையில் வேலை செய்கிற எல்லோருக்கும் இது தெரியும். குளிர்ந்த காற்று கனமானது, மேகமில்லாத இரவில் தண்ணீர் மாதிரியே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டில் பச்சையாக இருக்கிற தேயிலை ஓடைக்கரையில் கருகிப்போகிறது. தேயிலை விஷயத்தில் நாம் இவ்வளவு நுட்பமாகப் பார்க்கிறோம், நாய்க்கூட்டை மட்டும் எங்கே இடம் சும்மா கிடக்கிறதோ அங்கே வைத்துவிடுகிறோம், சும்மா கிடப்பது பெரும்பாலும் அந்தப் பள்ளம்தான்.

பனி விழுந்தால் படம் எடுத்துப் போடுவார்கள். ஆனால் நான் பார்த்த வரையில் எங்களிடம் அதிகமாக நாய்கள் வருவது ஜனவரியில் அல்ல, ஜூன், ஜூலையில். தென்மேற்குப் பருவமழை தலவாக்கலை, ஹட்டன் பக்கம் நாள் கணக்கில் விடாமல் பெய்யும், கூடவே காற்று. முடி குளிரைத் தடுப்பது அதற்குள் காற்று அடைபட்டு நிற்பதால்தான், நனைந்துவிட்டால் அந்தக் காற்றுக்கு இடமில்லை. டவுனில் ஒருவர் ஹஸ்கி வளர்க்கிறார், பனி நாட்டு நாய்தானே என்று மழையில் விட்டிருந்தார். அடர்த்தியான முடி, அடிமுடிவரை ஊறி, இரண்டு நாளாகியும் காயவில்லை, தோலெல்லாம் புண். நாய்க்குச் சட்டை போடுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன், நனைந்த சட்டை சட்டையே இல்லாததைவிட மோசம்.

ஏப்ரல் சீசனில் வேறு விதமான நாய்கள் வரும். கொழும்பில் 30 பாகைச் சூட்டில் இருந்துவிட்டு வண்டியில் ஆறு ஏழு மணித்தியாலத்தில் மேலே ஏறிவருகிறவை. தங்குமிடத்தில் உள்ளே விட மாட்டோம் என்றதும் வண்டிக்குப் பக்கத்தில் கட்டிவிட்டு மனிதர்கள் மட்டும் போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். ஏப்ரலில் என்ன குளிர் என்கிறார்கள். நமக்குப் பழகிய குளிர் அதன் உடம்புக்குப் பழகியிருக்குமா?

குட்டிகளின் விஷயம் சொல்லவே வேண்டியதில்லை. பிறந்த புதிதில் அவற்றுக்கு நடுங்கக்கூடத் தெரியாது, தாயின் வயிற்றுச் சூடுதான் எல்லாம். ஒரு அக்கா மூன்று குட்டிகளைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார், சில்லிட்டுப் போயிருந்தன, பாசத்தில் வாயில் பால் ஊற்றியிருந்தார். குளிர்ந்த குடல் பாலைச் செரிக்காது, விழுங்கத் தெம்பில்லாததால் நுரையீரலுக்கும் போய்விடும். முதலில் சூடு, அப்புறம்தான் பால். ஒன்று பிழைத்தது.

ஆகவே என் பதில் இப்போது இதுதான்: இரவில் வெளியில் வேண்டாம். ஆனால் இதைச் சொல்லும்போது எனக்குள் ஒரு தயக்கமும் இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஆறு பேர் படுக்கிற வீட்டில் போய் நாயை உள்ளே எடுங்கள் என்று சொல்ல நான் யார்? அதனால் வீட்டு முன்திண்ணையை, இஸ்தோப்பைக் கேட்கிறேன். இஸ்தோப்பு மூலையில், காற்று வராத பக்கம், ஒரு மரக்கறிப் பெட்டி. தரையில் படாமல் நான்கு கல்லின் மேல். நாய் நின்று திரும்பிப் படுக்கிற அளவு போதும், பெரிதாக இருந்தால் அதன் உடம்புச் சூடு அதைச் சூடாக்கப் போதாது. உள்ளே பழைய கம்பளி வேண்டாம், ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நன்றாகக் காய்ந்த மானாப்புல்லை நிறையப் போடுங்கள், ஈரமானால் மாற்றுங்கள். உரச்சாக்கைத் தடுப்பாகத் தொங்கவிடுவதானால் நன்றாக அலசிய பிறகு. குளிர் மாதத்தில் ஒரு பிடி சோறு கூட.

உள்ளே படுத்தால் காவல் காக்காது என்பார்கள். இஸ்தோப்பில் படுத்த நாய்க்குக் காது அடைத்தா போகும்? சங்கிலியில் கட்டிய நாய்தான் காவலுக்கு உதவாது. நம் தோட்டங்களில் சிறுத்தை லயத்து ஓரம்வரை வந்து நாயைத் தூக்குவது எல்லோருக்கும் தெரிந்தது. அவிழ்த்துவிட்ட நாய் கதவடிக்காவது ஓடி வரும். காலையில் வெறும் சங்கிலியோடு நின்ற ஒருவரை நான் பார்த்திருக்கிறேன், வேண்டாம்.

ஒரு தோட்டத்துத் தொரையின் பங்களாவுக்கு டாக்டரோடு மூன்று முறை போனேன். வயதான நாய், சீமெந்துத் தரை, தகரக் கூடு, வாசல் நேரே காற்றைப் பார்த்து. மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டு எழும்ப முடியவில்லை. ஊசி போட்டோம், கூட்டை மாற்றச் சொன்னோம், மறுமுறை போனால் அதே இடம். மூன்றாம் முறை எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டை வாச்சர் அண்ணன் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "தொரகிட்ட எப்பிடிங்க சொல்றது" என்று மெதுவாகக் கேட்டார். போன கிழமை டவுனில் பார்த்தேன். யாரிடமும் கேட்கவில்லையாம். கூட்டை இரண்டு பேராகத் தூக்கி, மிலாறு, அதாவது வெட்டிய தேயிலைக் கிளைகள், அடுக்கிய விறகுக் கொட்டிலுக்குள் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார்களாம். தொரை கவனித்தாரா என்று கேட்டேன். "இன்னும் இல்லீங்க. ஆனா காலையில அது தானா எந்திரிச்சு வந்து நிக்குது" என்றார்.