இழை எண்ணிய நாட்கள்

நம் கல்லூரி மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு குன்னூருக்குப் படிக்க வந்து இறங்கிய அன்று, ஃபேஷன் டிசைன் என்றால் படம் வரைவது என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் செட்டில் பாதிப் பேர் அப்படித்தான் வந்தோம். படமும் வரைந்தோம். சாதாரண ஆளின் உயரம் ஏழரைத் தலை, ஃபேஷன் படத்துப் பெண்ணுக்கு 9 அல்லது 10 தலை என்று கணக்குப் போட்டு நீள நீளமாகக் கால் வரைந்த நோட்டுகள் இன்னும் அம்மா வீட்டுப் பரணில் கிடக்கின்றன.

ஆனால் முதல் செமஸ்டரில் எங்களைக் கட்டிப்போட்டது ஒரு சின்ன மடக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி. அடியில் ஓரங்குலச் சதுரத் திறப்பு இருக்கும். துணிமேல் அதை வைத்து, ஊசி முனையால் தள்ளித் தள்ளி, நீளவாட்டில் ஓடும் பாவு இழை எத்தனை, குறுக்கே ஓடும் ஊடை இழை எத்தனை என்று எண்ண வேண்டும். கண் வலிக்கும். பிரித்தெடுத்த நூலைக் கொளுத்தி மோந்தும் பார்ப்போம். காகிதம் எரிந்த வாடை வந்தால் பருத்தி, முடி கருகிய வாடை வந்தால் பட்டோ கம்பளியோ, உருகிக் கெட்டி மணியாக நின்றால் பாலியெஸ்டர்.

இதெல்லாம் எதற்கு என்று எனக்குப் புரிந்தது இரண்டாம் ஆண்டு நவம்பரில். குன்னூர் நவம்பரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நனைத்துக் காயப்போட்ட காடா துணி மூன்று நாளானாலும் சில்லென்றே இருக்கும். துணி காய்வதற்குள் நாள் ஓடிவிட்டது. மறுநாள் காலை அம்ப்ரெல்லா பாவாடை ஒன்றை ஒப்படைக்க வேண்டும். இரவோடு இரவாக வெட்டி, தைத்து, அடி ஓரமும் மடித்து அடித்து, ஹாஸ்டல் ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டுத் தூங்கினேன். காலையில் பார்த்தால் ஓரம் அலை அலையாக நின்றது. சில இடங்களில் ஓரங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மிஸ் திட்டவில்லை. பாவாடையை மேசையில் விரித்து, இறங்கிய இடங்களில் சாக்கட்டியால் குறி வைத்தார். இழை நேராகத் தொங்கிய இடம் அப்படியே இருந்தது. இழை 45 டிகிரி சாய்ந்த இடங்கள் மட்டும்தான் இறங்கியிருந்தன. சாய்வில் பாவும் ஊடையும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்தாமல் கத்தரிக்கோல் மாதிரி நகர்ந்து கொடுக்கும், துணி தன் கனத்தாலேயே நீண்டுவிடும். "ஒரு நாள் தொங்க விட்டிருந்தா எங்க இறங்கும்னு அதுவே காட்டியிருக்குமே. அப்புறம் ஓரம் வெட்டியிருக்கலாம்" என்றார். முழுச் சுற்றையும் பிரித்தேன். அன்றுதான் அந்தக் கண்ணாடியை மனதார எடுத்து வைத்துக்கொண்டேன்.

இறுதியாண்டில் திருப்பூருக்கு அழைத்துப் போனார்கள். பர்லியாறு தாண்டியதும் ஸ்வெட்டரைக் கழற்ற ஆரம்பித்தோம். பின்னலாடைத் துணியை வட்டமாக வெட்டும் கருவியை அங்கேதான் கையில் பிடித்தேன். வெட்டிய வில்லையின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். தராசில் 1.8 கிராம் காட்டினால் துணி 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம். துவைத்தபின் பக்கத் தையல் முன்னால் திரும்பி வந்துவிட்ட பனியன் ஒன்றையும் காட்டினார்கள். தையல்காரர் மேல் பிழையில்லை, நூலில் ஏறிய முறுக்குதான் அப்படித் திருப்புகிறது என்றார்கள். எனக்கு என் பாவாடை ஞாபகம் வந்தது.

அந்த ஆண்டுதான் பக்கத்து மந்திலிருந்து, அதாவது நீலகிரிப் பழங்குடியான தோடர்களின் குடியிருப்பிலிருந்து, ஒரு தோடர் பாட்டி பூவேலை சொல்லித்தர எங்கள் லேபுக்கு வந்தார். நூல் சிவப்பும் கறுப்பும், துணி வெள்ளை. அவர்கள் போர்த்தும் பூத்துக்குளியில் இருக்கும் அதே வேலைப்பாடு. துணியை இழுத்துப் பிடிக்கும் சட்டம் கிடையாது, டிரேசிங் கிடையாது. துணியின் பின்பக்கமிருந்து ஊசியை விட்டு, விரல் நுனியால் இழையைத் தடவி எண்ணி எண்ணிப் போனார். மறுபக்கம் நூல் சின்னச் சின்ன வளையமாக எழும்பி நின்றது. நான் கட்டம் போட்டுக்கொள்ளலாமே என்று பென்சிலை எடுத்தேன்.

"அதை வை கண்ணு. எண்ணு."

அரைநாளில் எனக்கு இரண்டங்குலம்தான் வந்தது. அந்த வேலைப்பாட்டுக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்தியை வாசித்துவிட்டு அந்த விரல்களைத்தான் நினைத்தேன். நாம் முதல் செமஸ்டரில் கண்ணாடி வைத்துப் படித்ததை அவர் கண்ணாடியில்லாமல் செய்தார். தோடர் பூவேலை என்று மெஷினில் அடித்து விற்பதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

இப்போது லண்டனில் கல்யாண உடைகளை ஆல்டரேஷன் செய்கிறேன். லெஹங்காவோ கவுனோ, சாய்வாக வெட்டியது எதுவானாலும் ஒரு ராத்திரி தொங்கவிடாமல் அதன் ஓரத்தைத் தொடமாட்டேன். அவசரம் என்று வருகிறவர்களிடமும் நாளைக்கு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

மலருக்கு ஒரு படம் கேட்டிருந்தீர்கள். பட்டமளிப்புப் படம் இருக்கிறது, ஆனால் அதை அனுப்பவில்லை. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து நான் எண்ணித் தைத்த அந்த இரண்டங்குலத் துண்டைப் படம் பிடித்து அனுப்புகிறேன். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. இரண்டையும் போடுங்கள்.