முக்கோணம் இருக்கிறதா?

மார்ச் 4

1920களின் 78 சுற்றுத் தட்டை, அதாவது நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் கிராமஃபோன் இசைத்தட்டைக் கணினியில் ஏற்றுவதற்கு முன் லேபிளை விட்டுவிட்டு, அதைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். எச்.எம்.வி. தட்டில் பொறித்த எண்ணுக்குப் பின்னால் சின்ன முக்கோணம் இருந்தால் அது வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவன முறையில் மைக் வைத்து வெட்டிய மின்பதிவு. அதற்கே விக்டர் நிறுவனத் தட்டில் முட்டை வளையத்துக்குள் வி.இ. எழுத்துகள், கொலம்பியாவில் வட்டத்துக்குள் டபிள்யூ. 1925இல் முதல் மின்பதிவுகள் கடைக்கு வந்தபோது நிறுவனங்கள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் கிடங்கில் கிடக்கும் பழைய சரக்கு யாரிடம் போகும்?

மார்ச் 5

கழுவ: வாலை வடிநீர், இரண்டு சொட்டு மென்சோப்பு, மிருதுவான தூரிகை. ஸ்பிரிட் படவே கூடாது. தட்டில் இருப்பது அரக்கு, கரைந்துவிடும்.

பிற்கால எல்.பி. தட்டுக்கான ஊசியின் முனை ஆரம் சுமார் 18 மைக்ரான். அது 78இன் அகன்ற பள்ளத்தின் அடியில் போய் உட்கார்ந்து அழுக்கைத்தான் வாசிக்கும். 75 மைக்ரான் ஊசி போடுங்கள். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் ஸ்டீரியோ என்றால் இரு பக்கத்தையும் கூட்டி மோனோ ஆக்குங்கள். மேலும் கீழுமாக வரும் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

மார்ச் 8

பெரும்பாலான பதிவேற்றங்கள் கெடுவது இங்கேதான். டர்ன்டேபிளின் ஒலியைப் பெருக்கும் இன்றைய ஃபோனோ பெட்டிக்குள் ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு, அதாவது எல்.பி.க்கான ஏற்ற இறக்கத் திருத்தம், நிரந்தரமாக இருக்கிறது. அது 10,000 ஹெர்ட்ஸில் 13.7 டெசிபல் குறைக்கும். அந்தக் கால மின்பதிவில் மேல் ஸ்தாயியை ஏற்றி வெட்டவே இல்லை. குறைத்தால் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போலிருக்கும்.

கீழ் ஸ்தாயியின் கதை வேறு. வெட்டும் ஊசியின் வேகத்தை ஒரே அளவில் வைத்தால், அதிர்வெண் பாதியாகும்போதெல்லாம் அதன் வீச்சு இரட்டிக்கும். 250 ஹெர்ட்ஸில் இருப்பதைப்போல் ஐந்து மடங்கு 50 ஹெர்ட்ஸில். பள்ளம் அடுத்த பள்ளத்துக்குள் புகுந்துவிடும். அதனால் ஏறக்குறைய 250க்குக் கீழே வீச்சைக் கட்டி வைத்தார்கள். வாசிக்கும்போது அதே இடத்திலிருந்து கீழ்நோக்கி, ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு படிக்கும்) 6 டெசிபல் வீதம் ஏற்றித் திருப்பித் தர வேண்டும். வளைவே இல்லாமல் பதிந்துகொண்டு, பிறகு மென்பொருளில் இதைச் செய்வது உத்தமம்.

மார்ச் 9

முக்கோணம் இல்லாத, ஹார்னுக்குள் பாடிப் பதிந்த பழைய ஹார்ன் பதிவுக்கு நேற்றைய ஏற்றம் வேண்டாம். அங்கே மைக்கும் இல்லை, வால்வும் இல்லை. பாடுபவரின் குரலே சவ்வை ஆட்டி மெழுகை வெட்டியது. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக ஒன்றும் பதியவில்லை, 2,500க்கு மேலும் அப்படித்தான். டபுள் பாஸ் எடுபடாமல் ட்யூபாவை ஊத வைத்ததும், வயலினுக்கே உலோக ஹார்ன் மாட்டியதும் இதனால்தான். இல்லாத பாஸை ஏற்றினால் டர்ன்டேபிளின் உறுமல்தான் ஏறும்.

மார்ச் 13

வேகம். சுழலும் தட்டின் மேல் கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டையை வைத்து விளக்கடியில் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 77 கோட்டு அட்டையின் கோடுகள் நிற்பதுபோல் தெரிந்தால் 77.92 சுற்று, 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 92 கோடு, 78.26. பல எல்.இ.டி. விளக்குகளில் கோடு நிற்காது, பழைய குண்டு பல்பைத் தேடுங்கள். ஹார்ன் காலத் தட்டு 78இல்தான் ஓட வேண்டும் என்று கட்டாயமில்லை; பிரிட்டனின் கொலம்பியா நிறுவனத் தட்டுக்கு 80. நாலரைச் சுற்று கூடினாலே சுருதி அரைக்கட்டை ஏறிவிடும்.

மார்ச் 15

முக்கோணத்துக்குப் பதில் சதுரம் இருந்தால் 1930களின் எச்.எம்.வி., பொறியாளர் ஆலன் ப்ளூம்லைனின் மூவிங் காயில் வெட்டி, அதாவது காந்தப்புலத்தில் ஆடும் கம்பிச்சுருளால் பள்ளம் வெட்டும் கருவி. வெஸ்டர்ன் எலக்ட்ரிக்குக்கு ராயல்டி கட்டாமலிருக்கச் செய்தது. வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் வெட்டியில் அதிர்வை விழுங்க நீள ரப்பர் தண்டு இருந்தது. இதில் அந்த வேலையை மின்காந்தமே பார்த்துக்கொள்கிறது. சதுரத்துக்கும் 250இலேயே தொடங்கி, காதுக்கு ஏற்றபடி நகர்த்துங்கள்.