டப்ளினில் ஒரு வீட்டுச் சாவி

ஒருவழியாக வீடு கிடைத்துவிட்டது. 7 வாரம், அறுபதுக்கும் மேல் மெயில், நேரில் பார்க்கக் கூப்பிட்டது நாலே நாலு வீடு.

டப்ளின் புறநகரான லூக்கனில் ஒரு வீட்டு வாசலில் ரேஷன் கடை மாதிரி வரிசை. தூறலில் நனைந்தபடி ஆளாளுக்குக் கையில் ஒரு ஃபைல்: வேலைக் கடிதம், சம்பளச் சீட்டு, பழைய வீட்டுக்காரர் தந்த சான்று. எங்களிடம் கடைசியாகச் சொன்னது இல்லை. அம்பத்தூர் ஓனருக்கு ஃபோன் போட்டேன். "அண்ணே, ஒழுங்கா வாடகை கொடுத்தோம்னு ரெண்டு வரி எழுதித் தாங்க." அந்த இரண்டு வரிதான் வேலை செய்தது என்பது என் கணிப்பு.

டெபாசிட் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2021 முதல் இங்கே சட்டம். பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவனுக்கு இனிப்பான செய்திதான், வாடகையைக் கேட்கும் வரை!

வீடு முடிந்த பிறகுதான் பள்ளிக்கூடமே. முகவரியின் ஏர்கோடு (எழுத்தும் எண்ணுமாக 7 இலக்கம், நம்ம ஊர் பின்கோடு மாதிரி) இல்லாமல் விண்ணப்பம் நகரவில்லை. ஆரம்பப் பள்ளிகளில் பெரும்பாலானவை கத்தோலிக்கப் பள்ளிகள். ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளுக்கு முன்னுரிமை என்ற வழக்கத்தை 2018 சட்டம் எடுத்துவிட்டது, அதனால் பயமில்லை. பக்கத்துப் பள்ளியில் காத்திருப்புப் பட்டியல். அப்புறம் இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி இடம் கிடைத்தது. பாடப்புத்தகம் இலவசம்.

நேற்று மகள் வீடியோ காலில் பாட்டிக்கு ஐரிஷில் வணக்கம் சொன்னாள்: "டீயா க்விட்!"

"டீயா? இப்பதான்டி கண்ணு குடிச்சேன்."