வெட்டுப்பட்டு விழுகிறவர்களின் ஊர்

கியோட்டோ போகிறவர்கள் தங்கக் கோயிலையும் ஃபுஷிமி இனாரியின் சிவப்புத் தோரணங்களையும் பார்த்துவிட்டு, மூங்கில் தோப்பில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். எனக்கு அங்கே வேறு வேலை இருந்தது. சாமுராய் சண்டைப் படங்களில் பைத்தியமாக இருக்கிறவர்களுக்குக் கியோட்டோ என்றால் ஊரின் மேற்கே, சினிமா ஸ்டூடியோக்கள் இருக்கும் உஸுமாசாதான்.

ஷிஜோ ஓமியாவிலிருந்து ரான்டென் என்கிற குட்டி டிராம் போகிறது. வீட்டுக் கொல்லைப்புறங்களை உரசிக்கொண்டு ஓடி, நடுவே சாலையிலும் இறங்கிக் கார்களோடு சேர்ந்துகொள்ளும். உஸுமாசா கோர்யூஜி நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே கோர்யூஜி கோயிலின் பெரிய வாசல். உள்ளே கன்னத்தருகே விரலை வைத்து யோசனையில் அமர்ந்திருக்கும் மைத்ரேயர் மரச்சிலை, 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சினிமாவுக்காக வருகிறவர்களும் அதைப் பார்க்காமல் போகக் கூடாது.

கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு சாதாரணக் கடைத்தெரு. அதற்கு இன்னும் தையெய் என்கிற பழைய சினிமா கம்பெனியின் பெயர்தான். காய்கறி, மீன், சலவைக்கடை இவற்றுக்கு நடுவே 5 மீட்டர் உயரத்தில் முறைத்துக்கொண்டு நிற்கிறது தைமாஜின், 1966இல் தையெய் எடுத்த படங்களில் உயிர்பெற்று எழும் அந்தப் போர்வீரச் சிலை. ஸாட்டோயிச்சி என்கிற பார்வையற்ற வாள்வீரனாக ஷின்டாரோ காட்சு 1962இல் முதன்முதலில் வந்ததும் தையெய் படத்தில்தான். அகிரா குரோசவா இயக்கிய ரஷோமோன் படத்தின் இடிந்த கோட்டைவாயிலை 1950இல் இங்கேதான் கட்டினார்கள். மழை கேமராவில் தெரியவில்லை என்று தண்ணீரில் கறுப்பு மையைக் கலந்து கொட்டியிருக்கிறார்கள். அடுத்த ஆண்டு அந்தப் படம் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கியது. இருபது ஆண்டு கழித்து, 1971இல், கம்பெனி திவால். ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது குடியிருப்புகள்தான்.

சரி, சண்டைக்கு வருவோம்.

தோயெய் என்கிற இன்னொரு சினிமா கம்பெனி தன் ஸ்டூடியோவை ஒட்டி 1975இல் திறந்த எய்காமுரா என்கிற சினிமா கிராமம் பக்கத்திலேயே இருக்கிறது. பாதி இடம் குழந்தைகளுக்கானது. நிஞ்ஜா விளையாட்டு, பேய் வீடு, வாடகைக்குக் கிமோனோ. அதையெல்லாம் வேகமாகக் கடந்துவிட்டேன். மீதிப் பாதி எடோ காலத்துத் தெருக்கள், அதாவது சாமுராய்கள் இருந்த 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரையிலான காலம். மரக் கடைகள், கால்வாய்ப் பாலம், காவல் நிலையம், எல்லாமே படப்பிடிப்புக்குப் பயன்படுகிற செட். திரையில் பார்த்த தெருவில் நேரில் நிற்கும்போது முதலில் தோன்றுவது, இவ்வளவு குறுகலா என்பதுதான். முப்பது பேர் சூழ்ந்துகொள்கிற சண்டையை எல்லாம் இந்த அகலத்துக்குள்தான் எடுத்திருக்கிறார்கள்.

வாள்சண்டை நிகழ்ச்சியில் முன்வரிசையில் இடம் கிடைத்தது. ஜப்பானிய மொழி தெரியாதது ஒரு குறையாகவே இல்லை. முதலில் ஒரு வெட்டை நிதானமாகச் செய்து காட்டினார்கள். நாயகனின் வாள் எதிராளியின் உடம்பிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் போகிறது. பார்க்கிறவர்களின் கோணத்துக்கு அது வயிற்றைக் கிழித்த மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான். அதை நம்பவைக்கிற வேலை முழுவதும் வெட்டுப்படுகிறவருடையது. கத்துவது, முதுகை வளைப்பது, அரைச்சுற்று சுற்றுவது, விழுவது எல்லாம் அவர் கணக்கு. அதே கணத்தில் ஒலிபெருக்கியில் சரக்கென்று சத்தம் வர வேண்டும். அது அரை நொடி பிந்தினாலும் கொட்டகையே சிரித்துவிடும்.

அப்புறம் முழு வேகத்தில் ஒரு சண்டை. எனக்குச் சரியாக நேர் எதிரே ஒருவர் பின்பக்கமாக வளைந்து மல்லாந்து விழுந்தார். எல்லோரும் நாயகனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். செத்துக் கிடந்தவர் கண்ணை மூடியபடியே தன் வாளை மெதுவாக உடம்புக்கு அடியில் இழுத்துக்கொண்டு, ஒரு காலை மடக்கிக்கொண்டார். அடுத்து ஓடி வருகிறவருக்குத் தடுக்கக் கூடாதே! அதைப் பார்த்த பிறகு நாயகன் என்ன செய்தான் என்பது எனக்கு நினைவில்லை.

இப்படி வெட்டுப்படுகிற நடிகர்களைக் கிராரேயாகு என்பார்கள். இந்தத் தொழிலில் பெரிய பெயர் செய்ஸோ ஃபுகுமோட்டோ. 1943இல் பிறந்தவர், 15 வயதில் தோயெய்யில் சேர்ந்தவர். திரையில் 50,000 தடவை செத்தவர் என்று அவரைச் சொல்வார்கள். யார் உட்கார்ந்து எண்ணினார்களோ! இறால் மாதிரி பின்னால் வளைந்து விழுவது அவருடைய முத்திரை. 2003இல் வந்த ஹாலிவுட் சாமுராய் படத்தில் டாம் குரூஸின் பின்னாலேயே பேசாமல் நடந்துவரும் காவல்காரர் இவர்தான். நாயகன் வேடம் முதன்முதலில் கிடைத்தது 2014இல், எழுபது வயதுக்குப் பிறகு. அதுவும் வயதான கிராரேயாகு வேடம். மான்ட்ரியல் ஃபான்டேசியா விழாவில் சிறந்த நடிகர் விருதும் அதற்காகக் கிடைத்தது. 2021 புத்தாண்டு அன்று காலமானார்.

தொலைக்காட்சியில் வாரம் தவறாமல் வந்த சாமுராய் தொடர்களின் காலம் மலையேறிவிட்டது. 1969இல் தொடங்கிய மிட்டோ கோமோன் 2011இல் நின்றபோதே இவர்களின் பிழைப்பில் பெரிய ஓட்டை விழுந்தது. ஆனால் ஒரு நல்ல செய்தியும் உண்டு. எடோ காலச் சாமுராய் ஒருவன் மின்னல் தாக்கி இந்தக் காலத்துக்கு வந்து, இதே ஸ்டூடியோவில் கிராரேயாகு ஆகிறான் என்கிற கதையை, நெல் விவசாயமும் செய்கிற ஜுன்இச்சி யாசுதா என்ற இயக்குநர் சொந்தப் பணத்தைப் போட்டு எடுத்தார். 2024இல் டோக்கியோவில் ஒரே ஒரு தியேட்டரில் வெளியான அந்த 'எ சாமுராய் இன் டைம்' படம், மறு ஆண்டு ஜப்பான் அகாடமியின் சிறந்த பட விருதை வாங்கியது. சண்டைப் பயிற்சியாளர் வேடத்துக்கு முதலில் நினைத்திருந்தது ஃபுகுமோட்டோவைத்தான். அவர் இல்லாததால் இன்னொரு மூத்த கிராரேயாகுவான ரான்டாரோ மினே நடித்தார். இந்த வகைப் படமே பார்த்ததில்லை என்கிறவர்களுக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது இதைத்தான். குரோசவா எங்கேயும் போய்விட மாட்டார், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மறுநாள் தெற்கே யாவாட்டா பக்கம் போனேன். கெய்ஹான் ரயிலில் இவாஷிமிசு ஹாச்சிமாங்கூ நிலையம், அங்கிருந்து பஸ். கிசு ஆற்றின் மேல் கோசுயா பாலம். 1953இல் கட்டிய மரப்பாலம், நீளம் சுமார் 356 மீட்டர். வெள்ளம் வந்தால் பலகைத்தளம் மிதந்து பிரிந்துவிடும், இரும்பு வடத்தில் கட்டியிருப்பதால் ஆற்றோடு போகாது. வடிந்ததும் இழுத்துத் திரும்பப் பூட்டிக்கொள்வார்கள். இருபது தடவைக்கு மேல் இப்படிப் பிரிந்திருக்கிறது. கைப்பிடிச் சுவர் கிடையாது. எடோ காலக் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? எத்தனையோ படங்களும் தொடர்களும் இதன்மேல் நடந்திருக்கின்றன.

இந்தப் படங்களைக் கிண்டல் செய்கிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: இத்தனை பேர் இருந்தும் ஏன் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒவ்வொருவராக வந்து சாகிறார்கள்? பாலத்தின் நடுவில் நின்று பாருங்கள். அகலம் 3 மீட்டர் சொச்சம்தான். நீண்ட வாளைச் சுழற்றுகிற இருவர் பக்கம்பக்கமாக வந்தால் முதலில் வெட்டுப்படுவது தோழன்தான். மற்ற இடங்களில் ஒவ்வொருவராக வரவைக்கிற வேலையைச் சண்டைப் பயிற்சியாளர் செய்கிறார், இங்கே பாலமே செய்துவிடுகிறது.

திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி வராது. இன்னும் அரை நாள் மிச்சம் இருந்தால் கிழக்குக் கியோட்டோவில் ஷின்யோதோ கோயிலுக்குப் போகலாம். ஜப்பானிய சினிமாவின் ஆரம்பகால இயக்குநர் ஷோஸோ மாக்கினோ 1908இல் தன் முதல் வாள்சண்டைப் படத்தை எடுத்தது அதன் வளாகத்தில்தான். அதற்கு ஒரு நினைவுக்கல்லும் வைத்திருக்கிறார்கள்.