சக்தி நிரலின் கடைசி வரிகள்

கிளிநொச்சியில் எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். அம்மா புளி போட்டுத் தேய்ப்பார். "கொம்பியூட்டரில தண்ணிக்குள்ள என்ன தம்பி தேடுறாய்?" என்று ஒருநாள் கேட்டபோது அந்தக் கேத்தலைத்தான் காட்டினேன். கரைந்திருக்கும் பொருள் தண்ணீரையே எப்படி மாற்றுகிறது என்று கணக்கிடுவதுதான் என் வேலை.

தண்ணீர் 4 பாகை செல்சியஸில்தான் மிக அடர்த்தி. அதற்கும் கீழே குளிர்ந்தால் மூலக்கூறுகள் இடம்விட்டு நிற்கும், தண்ணீர் விரியும். உப்புச் சேர்த்தால், சேர்த்த அளவுக்கேற்ப அந்த 4 பாகை கீழிறங்கும். பிரெஞ்சு பௌதிகவியலாளர் டெஸ்ப்ரெட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே அளந்து வைத்தது. கடல்நீருக்கு அந்த அடர்த்தி உச்சமே இல்லை, உறையும்வரை அடர்த்தி கூடிக்கொண்டே போகும். ஆனால் எதனோலை, அதாவது மதுசாரத்தை, சிறிதளவு சேர்த்துப் பாருங்கள், உச்சம் வரும் வெப்பநிலை கொஞ்சம் மேலே ஏறும்! எனக்கு இந்த வேலையில் பிடிப்பு வந்தது இந்த இடத்தில்தான்.

கணினியில் நாங்கள் உண்மையான நீர் மூலக்கூறை எடுப்பதில்லை. நாங்கள் எடுப்பது ஜாக்லா மாதிரி என்ற எளிய மாதிரி, அதில் இருப்பவை வெறும் உருண்டைகள். இரண்டு உருண்டைகளுக்கிடையே கிட்ட ஒரு தூரம், எட்ட ஒரு தூரம், அவ்வளவுதான். குளிரில் எட்ட நிற்கும், சூடேற்றினால் நெருங்கும். ஐதரசன் பிணைப்பே இல்லை. இருந்தும் தண்ணீரைப் போலவே அடர்த்தி உச்சம் வருகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு இது அதிசயம்தான்.

முதன்முதலில் கரைபொருள் சேர்த்து ஓட்டியபோது உச்சம் சூட்டுப் பக்கம் நகர்ந்தது. வரைபடத்தோடு என்னை வழிநடத்தும் சேரிடம் ஓடினேன். அவர் வரைபடத்தைப் பார்க்கவில்லை.

"சக்தி நிரலைப் பாத்தனீரோ?"

ஓட்டம் போகப் போகச் சக்தி எவ்வளவு என்று வரிவரியாகப் பதியும் எண் நிரல் அது. திறந்தோம். மிகக் குளிரான மூன்று ஓட்டங்களிலும் கடைசி இருபது வரிகளில் மூன்றாம் தசம தானம் மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தது. துகள்கள் இன்னும் அமரவில்லை. நான் அதற்குள் சராசரி எடுத்துவிட்டேன்.

"இது ஓயேல்லத் தம்பி. விடும், ஓடட்டும்."

மூன்று கிழமை ஓடியது. நடுவில் இரண்டு தடவை கரண்ட் போனது. சேமித்து வைத்த கோப்பிலிருந்து மறுபடி தொடங்கினேன். அப்புறம் வரைந்தபோது உச்சம் குளிர்ப் பக்கம் போயிருந்தது.

இப்போது எதனோல் போல நடக்கக்கூடிய ஒரு கரைபொருளை ஓட்டுகிறேன். இன்று காலையும் வரைபடத்தைத் தொடாமல் நிரலைத்தான் திறந்தேன். கடைசி வெப்பநிலையில் சக்தி இன்னும் இறங்குகிறது.