இரண்டு ஆர்வி, நாலு வாக்கி டாக்கி

ஜூன் 12
முன்னால் அண்ணனின் ஆர்வி, அதாவது உள்ளேயே தங்கிக்கொள்ளும் வசதியுள்ள வண்டி. பின்னால் எங்களுடையது. மலைப்பாதையில் ஏறியதுமே செல்போன் சிக்னல் போய்விட்டது. இனி வாக்கி டாக்கிதான். அட்டைப்பெட்டியில் 35 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். உச்சியிலிருந்து உச்சிக்குத் தடையே இல்லாமல் பேசினால் வரும் கணக்கு அது. இந்த செட்டுகள் பேசும் யுஎச்எஃப் என்ற ரேடியோ அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில்தான் போகும். இன்று ஒரு கொண்டை ஊசி வளைவைத் தாண்டியதுமே அண்ணன் குரல் கரகரத்து அறுந்தது. இத்தனைக்கும் இடைவெளி ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. "வளைவுல லாரி வருது, ஒதுங்கிக்க" என்று வந்த அந்த ஒரு வரிக்கே செட் வாங்கிய காசு தகும்.

ஜூன் 13
வண்டியை ரிவர்ஸ் எடுத்து முகாம் இடத்தில் நிறுத்தும் வேலைக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. அண்ணி பின்னால் நின்று சொல்லச் சொல்ல நான் ஓட்டினேன். கண்ணாடியில் தெரியாத கிளை ஒன்று கூரை ஏசிக்கு ஒரு முழம் மேலே நீட்டிக்கொண்டிருந்ததை அவர்தான் பார்த்தார்.

இதில் கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பட்டனை அழுத்தியதுமே பேசினால் முதல் அசை போய்ச் சேராது. 'ஸ்டாப்' என்பதோ ஒரே அசைதான். அதனால் அழுத்தி, ஒரு நொடி விட்டு, "ஸ்டாப், ஸ்டாப், ஸ்டாப்" என்று மூன்று முறை சொல்ல வேண்டும். ஓட்டுபவர் பட்டனைத் தொடவே கூடாது. அவர் பேசும் நேரத்தில் எதிர்க்குரல் அவர் காதில் விழாது. பேச்சு நின்றுபோனால் வண்டியும் நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் இது சட்டம்.

ஜூன் 14
காலையில் எங்கள் சேனலில் யாரோ குழந்தைகளின் சிரிப்பு. எல்லா செட்டிலும் 'பிரைவசி கோடு' (privacy code) என்ற ஒரே எண்ணை வைத்ததும் அடங்கிவிட்டது. ஆனால் பெயரை நம்பி ஏமாறக் கூடாது. அந்த எண் மற்றவர்கள் பேச்சு நம் காதில் விழாமல் தடுக்கிறதே தவிர, நம் பேச்சை மறைக்காது. "எல்லாரும் அருவிக்குப் போறோம், வண்டியில யாரும் இல்ல" என்று பிள்ளைகள் இதில் சொல்ல வேண்டாம் என்று உட்காரவைத்துச் சொன்னேன்.

ஜூன் 15
மழை. நாள் முழுக்க வண்டிக்குள்தான்.

வாட் அதிகமான, அதாவது சக்தி கூடிய செட் வாங்கலாமா என்கிறான் அண்ணன். எனக்கு அதில் உடன்பாடில்லை. வாட்டைக் கூட்டினாலும் மலை வழிவிடாது. ஆண்டெனா உயரம்தான் முக்கியம். கையடக்க செட்டை வண்டிக்குள் வைத்துப் பேசினால் தகர உடம்பே பாதி சிக்னலைத் தின்றுவிடும். கூரையில் ஆண்டெனா வைத்தால் நிலைமை வேறு. ஆனால் அதற்கும் விதி உண்டு. அமெரிக்காவில் உரிமம் தேவைப்படாத எஃப்ஆர்எஸ் வகை வாக்கி டாக்கியில் ஆண்டெனாவை மாற்ற அனுமதி இல்லை. ஜிஎம்ஆர்எஸ் என்ற இன்னொரு வகையை எடுத்தால் மாற்றலாம், உரிமம் வேண்டும், தேர்வு கிடையாது. ஐரோப்பாவில் உரிமம் இல்லாமல் பேசும் பிஎம்ஆர் 446 வகை செட் அரை வாட்தான். ஒரு நாட்டு செட்டை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோய் அப்படியே பேசக் கூடாது, அலைவரிசையே வேறு.

ஜூன் 16
ராத்திரி நல்ல குளிர். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும் என்பதால் செட்டுகளைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டோம். நாளை காலை கிளம்புகிறோம். சேனல் 5, அங்கே கூட்டமாக இருந்தால் 3. கிளம்பும் முன் எல்லா செட்டிலும் ஒருமுறை பேசிப் பார்த்துவிட வேண்டும்.